மீளும் வழியின் சரித்திரம்

ரவாங் ஊருக்கு யந்திரம் புதிதன்று. லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894-ஆம் ஆண்டளவில் தங்கள் ஈயச் சுரங்கத்தை நடத்த மின்சார யந்திரம் நிறுவியபோது, மலாயாவில் மின்சக்தி முதன்முதலாக உழைக்கத் தொடங்கியது இவ்வூரில்தான். அத்தகைய ஊரில் வாழும் நாம், நம் நாட்டார் ஒருவர் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்று மீண்ட வரலாற்றையும், அம்மீட்சியில் நேர்ந்த அபாயத்தையும் ஆழ்ந்து சிந்தித்தல் தகும்.

ருஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர்விமானங்கள் வாங்க 2003-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, மலேசியர் ஒருவருக்கு விண்வெளிப் பிரயாணம் வாய்த்தது. விண்ணப்பித்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோருள் இறுதியாக எஞ்சிய நால்வரில், வனஜா சிவசுப்பிரமணியம் என்னும் பொறியாளரே ஒரே பெண்மணி என்பது நம்மவர்க்குப் பெருமை. தேர்வுபெற்ற டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர், 2007 அக்டோபர் 10-ஆம் தேதி பைக்கோனூரிலிருந்து சோயுஸ் டி.எம்.ஏ-11 கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார்.

விண்வெளி நிலையத்தில் வசிப்போர்க்கு, எந்த நேரத்திலும் இறங்கத் தயாராக ஒரு கலம் அங்கேயே இணைந்திருத்தல் வேண்டும் என்பது நெடுநாளைய நியதி. 1985-இல் சல்யூட் 7 நிலையத்தில் விளாடிமிர் வாசியூட்டின் நோயுற்றபோது, குழுவினர் குறித்த காலத்துக்கு முன்னரே நவம்பர் மாதத்தில் பூமிக்குத் திரும்ப முடிந்தது அந்நியதியின் பயனே. ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப வார்த்த ஆசனப் படுகையைத் திரும்பும் கலத்துக்கு மாற்றி வைத்த பின்னரே, வந்தவர் அக்கலத்துக்கு உரியவராகக் கருதப்படுவார்.

அக்டோபர் 21-ஆம் தேதி, யுர்ச்சிகின், கோட்டோவ் என்னும் இரு ருஷ்யருடன் நம்மவர், நிலையத்தில் முன்னரே இணைந்திருந்த டி.எம்.ஏ-10 கலத்தில் இறங்கினார். இறங்குகலத்தின் பாரமையம் சற்று ஒதுங்கி அமைந்திருப்பதால், அது காற்றில் சாய்ந்து பாய்ந்து சிறிது தூக்குவிசை பெறும். அவ்விசையை வேண்டிய பக்கம் திருப்பி இறங்கினால், உள்ளிருப்போர் தம் எடையைப் போல் நான்கைந்து மடங்கு பாரமே தாங்க நேரும். அன்றோ, கட்டுப்பாட்டுப் பலகையைச் சார்ந்த ஒரு கம்பிவடம் பழுதுபட்டதால் அவ்வழி அடைபட்டது. உடனே கலம், முன்னமே நிர்ணயித்திருந்த மாற்று வழியைக் கைக்கொண்டது. தன் அச்சிலே சீராகச் சுழன்று, தூக்குவிசையைப் பயனற்றதாக்கி, எறிந்த கல்லைப் போல் விழலாயிற்று. பாரம் எட்டு மடங்கைத் தாண்டிற்று, குறித்த இடத்துக்குச் சுமார் 340 கிலோமீட்டர் முன்னதாகவே கஜகஸ்தான் சமவெளியில் இறங்கினார்கள், மூவரும் க்ஷேமம். 2003 மே மாதத்தில் டி.எம்.ஏ-1 கலமும், 2008 ஏப்ரலில், நம்மவரை ஏற்றிச் சென்ற அதே டி.எம்.ஏ-11 கலமும் இவ்விதமே இறங்கின, அவற்றிலும் உயிர்ச்சேதமில்லை.

பழுது நேர்ந்தால் ஆவதை முன்னமே நிர்ணயித்துவைக்கும் இம்முறைக்கு நேர்மாறான நிலையைக் கணினித் துறையிலே காண்கிறோம். 1989-இல் அமெரிக்காவில் தரநிர்ணயம் பெற்ற சி என்னும் நிரல்மொழியின் விதிகள், குறியுடைய முழு எண் தன் எல்லையைக் கடந்தாலும், வரிசைக்கு அப்பாலுள்ள இடத்தை நிரல் தீண்டினாலும், விளைவு இன்னதென்று வரையறுக்காமல் விட்டிருக்கின்றன. வேகத்தின் பொருட்டு அளிக்கப்பட்ட இச்சுதந்திரத்தால், அத்தகைய தவறு நிகழவே நிகழாது என்று அனுமானித்துக்கொள்ளும் தொகுப்பி (நிரலை யந்திரமொழியாக மாற்றும் கருவி), அத்தவறைக் கண்டறிய நிரலாசிரியர் எழுதிவைத்த பரிசோதனையையே நீக்கிவிடவும் கூடும். மோட்டார் வாகனங்களுக்கான நிரல்களில் இத்தகைய இடங்களை விலக்கும்பொருட்டு மிஸ்ரா விதிகள் 1998-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டன.

பழுதே நேராத யந்திரம் மனிதனால் ஆவதன்று. ஆனால் பழுது நேர்ந்தபின் நிகழ வேண்டியதை முன்கூட்டியே நிர்ணயிப்பது மனிதனால் ஆகும். ரவாங்கிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று நிரல் எழுதக் கற்கும் நம் இளைஞர்கள், பிறர் உயிர் சார்ந்திருக்கும் எந்தப் பணியிலும், இது தவறினால் என்ன ஆகும் என்னும் வினாவுக்குத் தெளிவான விடையை எழுதிவைத்த பின்னரே அப்பணி முடிந்ததெனக் கொள்வார்களாக.