விடுதலைப் போர் அருங்காட்சியகம், டாக்கா

விடுதலைப் போர் அருங்காட்சியகம் (வங்காள மொழியில்: முக்திஜுத்தோ ஜாதுகர்) வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவில் அமைந்துள்ளது. 1971 ஆம் ஆண்டில் பாகிஸ்தானிடமிருந்து விடுதலை பெற அந்நாட்டு மக்கள் நடத்திய போராட்டத்தை இது நினைவுகூர்கிறது. அரசால் அன்றிப் பொதுமக்களின் முயற்சியால் நிறுவப்பட்டமை இதன் சிறப்பாகும்.

பின்னணி

1970 பொதுத் தேர்தலில் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றபோதும் அதனிடம் ஆட்சி ஒப்படைக்கப்படவில்லை. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. ஒன்பது மாதங்கள் நீடித்த போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவில் தஞ்சமடைந்தனர். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படைகள் சரணடைந்தன. போரில் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக வங்காளதேச அரசு கூறுகிறது. வேறு மதிப்பீடுகள் இதனினும் குறைவானவை.

வரலாறு

போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆகும் வேளையில், நினைவுகள் மறைந்துவிடாமல் காக்க எட்டு அறங்காவலர்கள் இணைந்து இந்த அருங்காட்சியகத்தை உருவாக்கினர். 1996 மார்ச் 22 அன்று செகுன்பாகிச்சா பகுதியில் இருந்த ஒரு பழைய வீட்டில் இது திறக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 16 முதல் ஆகார்காவ் பகுதியில் உள்ள புதிய கட்டடத்தில் இயங்கி வருகிறது.

காட்சிப்பொருட்கள்

நான்கு நிலையான காட்சிக்கூடங்கள் உள்ளன. பண்டைய வங்காளம் முதல் 1970 வரையிலான வரலாற்றை முதற்கூடம் கூறுகிறது. ஏனையவை போர்க்கால நிகழ்வுகளை விளக்குகின்றன. ஆவணங்கள், ஒளிப்படங்கள், ஆயுதங்கள் ஆகியவற்றுடன், உயிரிழந்தோர் பயன்படுத்திய பொருட்களும் கடிதங்களும் வைக்கப்பட்டுள்ளன. இவற்றில் பல, அவர்தம் குடும்பத்தினர் வழங்கியவை.

ஜல்லாத்கானா கொலைக்களம்

டாக்காவின் மீர்ப்பூர் பகுதி, நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1972 ஜனவரி இறுதி வரை எதிர்த்தரப்பினரின் பிடியிலேயே இருந்தது. அங்கு கைவிடப்பட்ட நீரேற்று நிலையம் ஒன்றில் மக்கள் கொல்லப்பட்டு, உடல்கள் அதன் கிணற்றில் வீசப்பட்டன. 1999 இல் இராணுவத்தின் உதவியுடன் அருங்காட்சியகம் நடத்திய அகழ்வில் 70 மண்டையோடுகளும் 5392 எலும்புகளும் மீட்கப்பட்டன. 2007 இல் அவ்விடம் நினைவிடமாகத் திறக்கப்பட்டது.

பிற பணிகள்

பேருந்து ஒன்றில் அமைக்கப்பட்ட நடமாடும் அருங்காட்சியகம் நாட்டின் பல மாவட்டங்களில் உள்ள பள்ளிகளுக்குச் சென்று வருகிறது. மாணவர்கள் தம் வீட்டிலும் ஊரிலும் உள்ள முதியோரிடம் போர்க்கால அனுபவங்களைக் கேட்டு எழுதி அனுப்புகின்றனர். அவை ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்படுவதால், எந்த நூலிலும் இடம்பெறாத எளிய மக்களின் சாட்சியங்களும் பாதுகாக்கப்படுகின்றன.