நகையும் அச்சமும்



ஒரே படத்தை அருகருகே அமர்ந்து பார்த்த நண்பர் இருவர் படமாளிகையை விட்டு வெளியே வருகின்றனர். ஒருவர், "வயிறு குலுங்கச் சிரித்தேன்" என்கிறார். மற்றவர், "இன்றிரவு எனக்கு உறக்கம் வராது" என்கிறார். இருவர் கூற்றும் உண்மையே. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவில் வெளியான 'இலண்டனில் ஓர் அமெரிக்க ஓநாய் மனிதன்' என்னும் ஆங்கிலப் படம் இத்தகைய வழக்கொன்றை எழுப்பிற்று. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மனிதன் ஓநாயாக மாறுவான் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் மிகப் பழையது. தேவர் தலைவனுக்கு மனித ஊனைப் படைத்த லைக்கேயன் என்னும் மன்னன் ஓநாயான கதையை உரோமப் புலவர் ஒவிட் பாடியுள்ளார். பிற்காலத்தில் இது வெறுங் கதையாக நிற்கவில்லை. 1589ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள பெட்பேர்க் என்னுமிடத்தில், ஓநாயுருக் கொண்டு கொலைகள் புரிந்தான் என்ற குற்றச்சாட்டின்பேரில் பீற்றர் ஸ்டும்ப் என்பவன் சித்திரவதை செய்து கொல்லப்பட்டான்.

இந்த அச்சத்தை ஹொலிவூட் தனதாக்கிக்கொண்டது. 1941இல் லொன் சேனி இளையவர் நடித்த 'ஓநாய் மனிதன்' வெளிவந்தது. 1948இல் அபட், கொஸ்ரெல்லோ என்னும் நகைச்சுவை இணையர் அதே ஓநாய் மனிதனையும், திராக்குலாவையும், பிராங்கன்ஸ்டைனின் படைப்பான பூதத்தையும் ஒரே படத்தில் எதிர்கொண்டனர். அங்கே சிரிப்பு மூட்டுவதற்கு இருவர். அச்சமூட்டுவதற்கு வேறு மூவர். எங்கே சிரிப்பது, எங்கே நடுங்குவது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அந்த வரம்பை அழித்தவர் ஜோன் லாண்டிஸ். 1969ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினைச் சற்றே கடந்த இளைஞராக, யூகோஸ்லாவியாவில் படமாக்கப்பட்ட போர்ப்படமொன்றில் அவர் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே நாற்சந்தியொன்றில் நாடோடி மக்கள் சிலர், இறந்தவனொருவன் மீண்டும் எழுந்து வந்துவிடாதிருக்கப் பூண்டு முதலியன வைத்து, சடங்குகளுடன் புதைப்பதைக் கண்டார். அது நகைப்பதற்குரியதா, நடுங்குவதற்குரியதா? இறந்தவன் உண்மையிலேயே எழுந்து வந்தால் நாம் என்ன செய்வோம்? இவ்வினாக்களிலிருந்து பிறந்த கதையை அவர் எழுதி முடித்தார். ஆனால், பணம் போடுவோர் தயங்கினர். சிரிப்புப் படமென்றால் இது மிகப் பயங்கரம். பயங்கரப் படமென்றால் இதில் சிரிப்பு அதிகம் என்பதே அவர்களது தடை. நேயர்களே, படம் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னரே கருத்து வேற்றுமை பிறந்துவிட்டது! 1978இலும் 1980இலும் அவர் ஆக்கிய நகைச்சுவைப் படங்கள் வெற்றி பெற்ற பின்னரே இக்கதைக்கு வழி திறந்தது.

கதை சுருக்கமானது. டேவிட், ஜாக் என்னும் அமெரிக்க மாணவர் இருவர் இங்கிலாந்தின் வடபுலத்துச் சிற்றூரொன்றில் மதுச்சாலைக்குள் நுழைகின்றனர். ஊரார் ஏதோ அறிந்திருந்தும் வாய் திறவாது, பாதையை விட்டு விலகாதீர், நிலவைக் குறித்து விழிப்பாயிருப்பீர் என்று மட்டும் சொல்லி விடுகின்றனர். இருளில் விலங்கொன்று பாய்கிறது. டேவிட் முதலில் ஓடுகிறான். பின்னரே திரும்பி வருகிறான். அதற்குள் ஜாக் இறந்துவிடுகிறான். இலண்டன் வைத்தியசாலையில் கண்விழித்த டேவிட்டின் முன்னே, கிழிந்த கழுத்தோடு ஜாக் வந்து நின்று, காலை உணவிலிருந்து வாட்டிய பாண் துண்டொன்று கேட்கிறான்! பின்பு, அடுத்த முழுநிலவில் நீ ஓநாயாவாய், உயிரை மாய்த்துக்கொள் என்கிறான்.

இப்படத்தைப் பார்த்தோர் பல அணியாயினர். ஒப்பனைக் கலைஞர் றிக் பேக்கரின் திறனை வியந்தோர் ஓரணி. முன்னைய படங்கள் காட்சிகளை ஒன்றன்மேலொன்று கரையவிட்டு உருமாற்றத்தைக் காட்டின. பேக்கரோ, வெளிச்சம் நிறைந்த அறையில், இனிய நிலாப் பாட்டொன்று ஒலிக்க, கையும் முதுகும் முகமும் நீள்வதைக் கண்ணெதிரே காட்டினார். 1982இல் ஒப்பனைக்கெனப் போட்டிப் பிரிவாக முதன்முதல் வழங்கப்பட்ட ஒஸ்கார் விருது அவருக்கே கிடைத்தது. மைக்கல் ஜக்சன் தமது 1983ஆம் ஆண்டுப் 'திரில்லர்' பாடற்படத்துக்கு இவ்விருவரையுமே அழைத்தார். மறுபுறம், விமர்சகர் றொஜர் ஈபேர்ட், அற்புதக் காட்சிகளிலே முயற்சியையெல்லாம் செலவிட்டு, பாத்திர வளர்ச்சியையும் முடிவையும் நெறியாளர் கைவிட்டுவிட்டார் என்னுங் கருத்தினராயிருந்தார். இப்படம் சிரிப்பால் அச்சத்தைக் கெடுத்தது என்பாரும், குருதியால் சிரிப்பைக் கெடுத்தது என்பாரும் இன்றும் உளர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை ஒன்றாகவும் அச்சத்தைப் பிறிதொன்றாகவும் வைத்தார். ஆயினும் மனித உள்ளத்தில் அவை தனித்தனி அறைகளில் வாழ்வனவல்ல. ஜாக்கின் பகடிப் பேச்சைக் கவனியுங்கள். உயிரோடிருந்தபோது பேசியவாறே இறந்த பின்னும் பேசுகிறான். ஒவ்வொரு முறை வரும்போதும் உடல் மேலும் அழுகியிருக்கிறது. குரலில் மட்டும் பழைய நட்பு மாறவில்லை. அவன் வெறும் பேயாக அலறியிருந்தால் நாம் அஞ்சி மறந்திருப்போம். அவன் நண்பனாகவே வருவதால், நண்பனை விட்டு ஓடியவனின் குற்றவுணர்வு நமக்கும் உறைக்கிறது. சிரிப்பு இங்கே அச்சத்தைக் கெடுக்கவில்லை; அச்சத்துக்கு முகம் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் கூற வேண்டும். இக்கதையில் தீங்கு ஓநாயோடு தொடங்கவில்லை. உண்மை தெரிந்தும் வாய்மூடியிருந்த ஊராரோடு தொடங்குகிறது. அவ்வூரின் மௌனத்துக்கு முதலில் ஜாக்கும், பின்னர் ஒரே இரவில் இலண்டன் மாந்தர் அறுவரும் பலியாகின்றனர். அம்மௌனத்துக்கு முன் மதுச்சாலையில் எழுந்ததும் சிரிப்பொலியே. சிரிப்பு உண்மையைத் திறக்கவும் கூடும், மறைக்கவும் கூடும் என்பதை இப்படம் இரு வகையாலும் காட்டுகிறது.

முடிவு குறித்த குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. சந்தொன்றில் ஓநாய் சுடப்பட்டு வீழ்கிறது. அவனை நேசித்த தாதி அழுகிறாள். மறுகணமே துள்ளலிசைப் பாட்டுடன் படம் முடிகிறது. முதன்முறை கண்டபோது யானும் இதனைக் குறையென்றே கருதினேன். இன்று அவ்வாறு கருதவில்லை. நம்மவர் ஒருவர் மறைந்த நாளிலும் தெருவில் எங்கோ ஒரு பாட்டு ஒலிக்கத்தான் செய்கிறது. உலகம் நமது துயரத்துக்காகத் தாமதிப்பதில்லை. அந்தத் தாதிக்கு அழ நேரம் கொடுக்காத படத்தின் கொடுமை, வாழ்வின் கொடுமையே.

ஆகவே, சிரித்தவரும் அஞ்சியவரும் தம்முள் வழக்காட வேண்டியதில்லை. ஒருவர் கண்டதை மற்றவர் கேட்டறிந்து மறுமுறை பார்ப்பாராயின், இருவரும் முன்னிலும் நிறைவாகக் காண்பர். சிரித்த இடத்தில் ஏன் சிரித்தோம் என்று வினவுவதே நல்ல சுவைஞனின் முதற் கடமை.