சீனக்குடாவில் விழுந்தவர்கள்

திருகோணமலைச் சீனக்குடாவில் காடு மூடிய எண்ணெய்த் தாங்கிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உருக்குலைந்து கிடக்கிறது. உருகி வழிந்த இரும்புத் தகடு மடிப்பு மடிப்பாக இறுகி, துருவேறி நிற்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானமொன்று அதன்மீது விழுந்தது. தாங்கி ஏழு நாள் எரிந்ததாம். அம்மம்மா அந்தப் புகையைத்தான் சொல்லுவா. சனம் சட்டி பானையோடு தம்பலகாமம் பக்கம் நடந்ததாம்.

அதிலிருந்த மூவரும் வேண்டுமென்றே மோதினார்கள் என்பது ஊர்க்கதை. அடிபட்ட விமானம் தானாக விழுந்திருக்கவும் கூடும். வீரக்கதையாக்க எனக்கு மனமில்லை. எரிந்து செத்தவர்கள் இளைஞர்கள், அவ்வளவுதான்.

அன்றே ஜப்பானை எதிர்த்த நேச நாட்டுப் பக்கத்திலும் சாவு. கொக்கலையிலிருந்து கட்டலீனா ரகக் கடல்விமானத்தில் போன தோமஸ் என்ற விமானி, ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது குழுவில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிறகு, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் படைப்பிரிவின் ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், காவல் விமானம் ஒன்றுகூட இல்லாமல், அந்தப் படைமீது பாய்ந்தன. நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் அகாகியை ஒட்டிக் குண்டுகள் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர்: ஓட்டுபவர், வழிபார்த்துக் குண்டு போடுபவர், வானொலியையும் துப்பாக்கியையும் கவனிப்பவர்.

நிலாவெளி வீதியின் போர் மயானத்தில் அவர்களைத் தேடிப் பயனில்லை. கடலில் காணாமற்போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாங்கியைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு இவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.