குரலும் பாலும்: ஐரோப்பிய இசைநாடக மேடை பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பிய இசைநாடகமாகிய ஒபெராவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இசையமைப்பாளரையும் அரசவைகளையும் பற்றியே பேசுவர். பாடியவர் யார், அவர் எப்பாலினர், எப்பாலினராக மேடையில் தோன்றினர் என்னும் வினாக்கள் நெடுங்காலம் வரலாற்றின் ஓரத்திலேயே கிடந்தன. ஆயின் இவ்வினாக்களைப் புறந்தள்ளிவிட்டு ஒபெராவைப் புரிந்துகொள்ளல் இயலாது. 1725 ஆம் ஆண்டில் ஹாஸே என்பார் இசையமைத்த ‘மார்க் அன்ரனியும் கிளியோபாத்ராவும்’ என்னும் சிறு இசைநாடகம் நேப்பிள்ஸ் நகரில் அரங்கேறிற்று. எகிப்திய அரசியாகப் பாடியவர் பரினெல்லி என்னும் இருபது வயது ஆடவர். உரோமானியத் தளபதியாகப் பாடியவரோ விற்றோரியா தேசி என்னும் பெண். அக்கால மேடை வழக்கில் இது விந்தையன்று.

பாத்திரத்தின் பாலுக்கும் பாடுவோரின் பாலுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்னும் நியதியை அக்கால இத்தாலிய ஒபெரா ஏற்றிருக்கவில்லை. அங்கு முதன்மை பெற்றது குரலே. இளமை, வீரம், தெய்வத்தன்மை ஆகியன உயர்ந்த குரலுக்குரியனவாகக் கருதப்பட்டன. தாழ்ந்த குரல் பெரும்பாலும் முதியோருக்கும் கொடியோருக்கும் ஒதுக்கப்பட்டது. 1724 இல் இலண்டனில் அரங்கேறிய ஹன்டெலின் ‘யூலியசு சீசர்’ இதற்கு நல்லதோர் உதாரணம். உலகை வென்ற சீசராகப் பாடியவர் செனெசீனோ என்னும் ‘காஸ்ட்ராத்தோ’. தந்தையின் கொலைக்குப் பழிவாங்கத் துடிக்கும் இளைஞனான செஸ்தோவாகப் பாடியவர் துராஸ்தாந்தி என்னும் பெண்.

செனெசீனோவும் பரினெல்லியும் காஸ்ட்ராத்தோக்கள் ஆவர். அஃதாவது பருவமெய்துவதற்கு முன்னரே விதைகள் நீக்கப்பட்டவர்கள். இவர்களுடைய குரல்வளை சிறுவனுடைய அளவிலேயே நின்றுவிட, மார்புக்கூடு முழு வளர்ச்சி பெற்றது. சிறுவனின் சுருதியும் வளர்ந்தவனின் மூச்சுவலிமையும் ஒருங்கே அமைந்த அக்குரல் ஐரோப்பாவை மயக்கியது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் நாம் நோக்குதல் வேண்டும்.

ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்னும் பாப்பரசரின் மூன்று ஆணைகள் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் வெளிவந்தன. 1587 இல் விதை நீக்கப்பட்டோர் மணம்புரிதலை அவர் தடைசெய்தார். 1588 இல் உரோமாபுரியின் மேடைகளில் பெண்கள் தோன்றுதல் தடுக்கப்பட்டது. 1589 இல் புனித பேதுரு பேராலயத்தின் பாடகர் குழுவைச் சீரமைத்தபோது அதில் காஸ்ட்ராத்தோக்களுக்கு இடமளித்தார். இம்மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு நிலைமை தெளிவாகும்: பெண்ணின் குரல் வேண்டும், பெண் வேண்டாம், காஸ்ட்ராத்தோவின் குரல் வேண்டும், அவனுக்கு இல்வாழ்வு வேண்டாம். அறுவை செய்தலைத் திருச்சபையும் சட்டமும் குற்றமென்றே கூறின. எனவே குதிரையிலிருந்து வீழ்ந்தான், பன்றி கடித்தது என்றெல்லாம் காரணங்கள் புனையப்பட்டன. இவ்வாறு அறுவைக்கு உள்ளான சிறுவருட் பலர் வறிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களைப் பயிற்றிய நேப்பிள்ஸ் இசைக்கல்லூரிகளே ஆதியில் அநாதை இல்லங்களாகத் தொடங்கியவை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பரினெல்லி 1737 இல் மட்ரிட் சென்று இசுப்பானிய மன்னன் ஐந்தாம் பிலிப்பின் அவையிலே பெருஞ்செல்வாக்குப் பெற்றார். அவரைப் போன்றோர் மிகச் சிலரே. குரல் கைகூடாது போனோரின் பெயர்களை எந்த இசைவரலாறும் குறித்து வைக்கவில்லை.

காஸ்ட்ராத்தோக்களை இன்றைய திருநங்கையரின் முன்னோடிகள் எனக் கூறும் போக்கு அண்மைக்கால எழுத்துக்கள் சிலவற்றிற் காணப்படுகின்றது. இது பொருந்தாத கூற்று. தன்னைத் தான் உணர்ந்து தன் பாலை உரைப்பது ஒன்று. பிறருடைய செவியின்பத்துக்காகச் சிறுவனொருவன் உடல் சிதைக்கப்படுவது முற்றிலும் வேறொன்று. ஆயினும் இவ்விரண்டையும் பார்த்த அவையோரின் கண் ஒன்றாகவே இருந்ததா என்ற வினா எஞ்சுகின்றது. இதற்கு விடைகாண ஜேர்மானியக் கவிஞர் கதே நமக்கு உதவுகின்றார். உரோமாபுரியில் ஆடவரே பெண்வேடமிட்டு நடித்த கொல்டோனியின் இன்பியல் நாடகமொன்றைக் கண்ட அவர், 1788 இல் அதுபற்றி ஒரு கட்டுரை வரைந்தார். மேடையில் இருப்பவர் பெண் அல்லர் என்பதை அவையோர் ஒருகணமும் மறவாதிருத்தலே அந்நடிப்புத் தரும் இன்பத்தின் ஊற்று என்பது அவருடைய கருத்தின் சாரம். பெண்ணாக இருத்தல் அன்று, பெண்ணைப் போலச் செய்தலே கலை என்றாகிறது.

கதேயின் இக்கூற்று ஆழமானது. அதேவேளை அதனுள் ஒரு கொடுமையும் பொதிந்திருக்கிறது. பால்மாற்றத்தை மேடை வரவேற்றது. ஆனால் அது போலியாக இருக்கும்வரை மட்டுமே வரவேற்றது. திரை வீழ்ந்ததும் ஆடவன் ஆடவனாகவும் பெண் பெண்ணாகவும் வீடு திரும்புதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பரிஸ் ஒபெராவிற் பாடிய லா மோப்பேன் மேடைக்கு வெளியேயும் ஆணுடை தரித்து வாளேந்தித் திரிந்தவர். அவரைப்பற்றிய செய்திகளிற் பெரும்பகுதி கட்டுக்கதைகளாக மாறியமை தற்செயலானதன்று. வீட்டுக்குத் திரும்பாதவரைக் கதையாக்கிவிடுவது எளிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஸ்ட்ராத்தோக்கள் ஒபெராவிலிருந்து மறைந்தனர். 1824 இல் வெல்லூத்திக்காக மையர்பேர் எழுதிய பாத்திரமே அவ்வகையிற் குறிப்பிடத்தக்க இறுதிப் பாத்திரம் எனலாம். அவர்கள் விட்டுச்சென்ற பாத்திரங்களிற் பல பெண்களை வந்தடைந்தன. குளுக்கின் ஓர்ஃபேயுஸ் 1762 இல் வியன்னாவில் காஸ்ட்ராத்தோவாகவும், 1774 இல் பரிஸில் உயர்குரல் ஆடவனாகவும், 1859 இல் பேர்லியோஸின் திருத்தத்தில் பொலீன் வியார்தோ என்னும் பெண்ணாகவும் ஒலித்தான். மொட்ஸார்ட்டின் கெருபீனோவோ (1786) இன்னும் சிக்கலானவன்: பெண்ணொருத்தி ஆண்பிள்ளையாக நடிக்க, அப்பிள்ளை கதைக்குள்ளே பெண்வேடம் பூணுகின்றான். அவையோர் சிரித்தனர், இன்றும் சிரிக்கின்றனர்.

கதே வகுத்த எல்லை நம்முடைய காலத்திலேதான் வெளிப்படையாகக் கேள்விக்குள்ளாயிற்று. 2014 இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் அரங்கேறிய லோரா கமின்ஸ்கியின் ‘ஒன்றாக’ என்னும் சிற்றரங்க ஒபெரா, ஹன்னா என்னும் திருநங்கையின் வாழ்வைக் கூறுவது. ஹன்னா என்னும் ஒரே ஆளை ஒரு தாழ்குரல் ஆடவரும் ஓர் இடைக்குரற் பெண்ணும் சேர்ந்து பாடுகின்றனர். நூலாசிரியர் இருவருள் ஒருவரான கிம்பர்லி ரீட் தாமே திருநங்கையாவார். எனினும் முதன்முதலிற் பாடிய இருவரும் திருநர் அல்லர். பாத்திரம் மேடையேறிவிட்டது, ஆள் இன்னும் ஏறவில்லை.

அவ்வாறு ஏறுவதில் உடலியல் சார்ந்த தடையொன்றும் உண்டு. தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோன் குரல்நாண்களைத் தடிப்பித்துக் குரலைத் தாழ்த்தும். ஆதலின் திருநம்பியரான பாடகர் தாம் கற்ற குரலை இழந்து புதிய குரலொன்றைத் தொடக்கத்திலிருந்து பழகவேண்டியவராகின்றனர். ஈஸ்திரசனோ ஒருமுறை தாழ்ந்த குரலை உயர்த்துவதில்லை. எனவே திருநங்கையொருவர் பெண்ணாக வாழ்ந்தும் மேடையில் ஆடவனுக்கென எழுதப்பட்ட பாத்திரங்களையே பாட நேர்கின்றது. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வகுத்துக்கொள்ளாதோருக்கும் இக்குரல் வகைப்பாடே முதல் மதிலாகின்றது.

அமெரிக்கரான லூசியா லூகாஸ் ஜேர்மனியின் காள்ஸ்றூவே அரங்கில் நிலைப்பாடகராக இருந்த காலத்தில், 2014 இல், தம்மைத் திருநங்கை என வெளிப்படுத்தினார். தாழ்குரலை அவர் கைவிடவில்லை. 2019 இல் அமெரிக்காவின் துல்சா நகரில் மொட்ஸார்ட்டின் டொன் ஜியோவானியாகப் பாடினார். பெண்களை ஏமாற்றித் திரிவதற்கே பெயர்பெற்ற அப்பாத்திரத்தை ஒரு பெண் தன் இயல்பான குரலிலேயே பாடினார். இங்கு கதேயின் இலக்கணம் தலைகீழாயிற்று: போலச் செய்யப்பட்டது ஆண்மை, வீடு திரும்பியவர் பெண்.

அவரை அங்கு தெரிவுசெய்தவர் துல்சா ஒபெராவின் கலைநெறியாளராக அப்போது விளங்கிய தோபியாஸ் பிக்கர். பின்னர் அவரே, பால்மாற்ற அறுவைக்குட்பட்டு 1931 இல் மறைந்த டென்மார்க் ஓவியர் லிலி எல்பேயின் வாழ்வை ஒபெராவாக இசையமைத்தார். 2023 ஒக்ரோபரில் சுவிற்சர்லாந்தின் சென் கலன் நகரில் அது அரங்கேறியபோது லிலியாகப் பாடியவர் லூகாஸ். அவருடைய தாழ்குரலுக்கென்றே எழுதப்பட்ட பெண்பாத்திரம் அது.