கூத்தரும் கூழும்: பல்குன்றக் கோட்டத்து வழித்தடம்

தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்று பல்குன்றக் கோட்டம். பெயருக்கேற்பக் குன்றுகள் நிறைந்த அந்நிலத்தில்தான் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கமும், பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணியும், அதன் கிழக்கே வந்தவாசி வட்டத்துத் தேசூரும் அமைந்துள்ளன. பாடநூல்கள் இவ்வட்டாரத்தை 1751ஆம் ஆண்டு ஆரணிப் போராலும், 1760ஆம் ஆண்டு வந்தவாசிப் போராலும் அறிமுகப்படுத்தும். ஆயினும் இம்மண்ணைப் பற்றிய மிகப் பழைய பெரும்பதிவு போரைப் பற்றியதன்று. நடந்த வழியையும் உண்ட விருந்தையும் பற்றியது.

அப்பதிவு மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இந்நூலின் தலைவன், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். நூல் போற்றும் நவிரமலை பர்வதமலை என்பர். சேயாறு இன்று செய்யாறு என வழங்குகிறது. பரிசில் பெற்று வரும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகிய இடர்களையெல்லாம் சொல்லி எச்சரிக்கிறான். ‘நன்னனின் கூத்தர்’ என்று சொன்னாலே போதும், எந்த வீட்டிலும் தம் வீடு போல நுழையலாம் என்றும் கூறுகிறான்.

அவ்வீடுகளில் கிடைக்கும் உணவோ நிலத்துக்கு நிலம் மாறுகிறது. மலைச் சிற்றூரில் நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறல். பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் கூட்டி மூங்கிலரிசியால் ஆக்கிய உணவு. காட்டுநிலத்தில் அவரை விதை சேர்ந்த புளிங்கூழ். வயல்நிலத்தில் வாளையும் வராலும் நண்டும் வெண்ணெற் சோறும். விளைவது எதுவோ அதுவே விருந்தாயிற்று. மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் இருப்பதும் ஈண்டு நினையத்தக்கது.

கூத்தின் தடம் தேசூர்ப் பக்கம் கல்லிலும் பதிந்துள்ளது. தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில், அவனிபாஜன பல்லவேச்சுரம் எனப் பெயர் பெற்றது. அதன் தூண் ஒன்றில் ஆடும் சிவனின் சிறிய புடைப்புச் சிற்பம் உள்ளது. தமிழகத்துக் கற்சிற்பங்களில் ஆடல்வல்லானின் மிகப் பழைய வடிவம் இதுவே எனக் கலை வரலாற்றறிஞர் பலர் கருதுவர். அதே ஊர்க் குன்றில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும், கங்க மன்னன் இராசமல்லன் காலத்து ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உள்ளன. அருகிலுள்ள தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மனோ நந்திக் கலம்பகத்தின் தலைவனாகி, ‘தெள்ளாறெறிந்த நந்தி’ எனத் தமிழில் நிலைத்தான்.

இந்நிலத்தில் கூத்து கல்லோடு நின்றுவிடவில்லை. செய்யாற்றுப் பகுதியின் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் தெருக்கூத்தால் புகழ்பெற்றது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் நாட்கணக்கில் பாரதக் கூத்து நடைபெறும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, புளிக்க வைத்த கேழ்வரகு மாவை நொய்யரிசியோடு காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து வருவோர்க்கெல்லாம் வழங்குவர். புளிங்கூழ் வேறு, ஆடிக்கூழ் வேறு. எனினும் யாரென்று கேளாமல் ஊற்றும் வழக்கம் ஒன்றே.

மூங்கிலரிசியும் தினையும் அன்றாட அடுக்களையை விட்டு நீங்கி, இன்று மருத்துவ குணத்திற்காகக் கடைகளில் வாங்கப்படுகின்றன. உணவுப் பொருள் மாறுவது காலத்தின் இயல்பு. கடலை அயல்நாட்டிலிருந்து வந்து இவ்வட்டாரத்தின் பயிராகிவிட்டது. ஆனால் கலைஞன் பசியோடு வந்தால் அவனுக்குச் சோறிடுவது ஊரின் கடமை என்னும் எண்ணம் மாறுமாயின், இழப்பது ஒரு பண்டத்தையன்று. நன்னனின் கொடையை மட்டுமன்று, வழிநெடுக உலை வைத்த பெயரறியா மக்களையும் பெருங்கௌசிகனார் பாடினார். அரண்மனையை அடையுமுன் கூத்தரை உயிரோடு வைத்திருந்தவர் அவர்களே. சீயமங்கலத்துத் தூணையும் மலைபடுகடாத்தையும் போற்றும் தமிழர், ஆடி முடித்து விடியலில் ஒப்பனை கலைக்கும் கூத்தருக்கு முதலில் உணவிட வேண்டும். பாராட்டு அதன்பின் வரட்டும்.