ஓட்டைக் காசு சொல்லும் சரித்திரம்

பழைய நாணயங்களைத் தேடிச் சேர்ப்போரிற் பலர், ஒரு காசு எத்துணை அரியது, சந்தையில் என்ன விலை பெறும் என்பதோடு நின்றுவிடுகின்றனர். அக்காசு எந்த அக்கசாலையில், எந்த உலோகத்தில், எக்காரணத்தால் அவ்வாறு அடிக்கப்பட்டது என்று நாம் வினவத் தொடங்கும்போதே நாணயச் சேகரிப்பு சரித்திரக் கல்வியாகின்றது. இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் பிரித்தானிய இந்தியா வெளியிட்ட காசுகளை இந்நோக்கில் ஆராய்வோம்.

யுத்தத்துக்கு முன் இந்திய ரூபாவில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. 1940இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை குறையவில்லை, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் மாறவில்லை. கள்ளக் காசைத் தடுப்பதற்கென விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும் புதிய அமைப்பு மட்டும் சேர்ந்தது. அதன் பின் நல்ல வெள்ளி ரூபாக்கள் படிப்படியாகச் செல்லாதவையாக்கப்பட்டன: விக்டோரியாவின் ரூபா 1941இலும், ஏழாம் எட்வேட்டின் ரூபா 1942இலும், ஐந்தாம் ஜோர்ஜின் ரூபா 1943இலும் வழக்கொழிந்தன. 1947இல் வெளியான ரூபாவில் வெள்ளி அறவே இல்லை. அது தூய நிக்கல்.

ஏழையின் காசுக்கு நேர்ந்த கதி இன்னும் வெளிப்படையானது. ரூபாவில் அறுபத்து நான்கில் ஒரு பங்கான காலணா 1943இல் நடுவே துளையிடப்பட்டு, பழைய எடையிற் பாதியும் இல்லாததாய் வந்தது. மன்னரின் தலைக்கும் அதில் இடமில்லை. முடி மட்டுமே பொறிக்கப்பட்டது. சேகரிப்போர் இதில் முடியின் வடிவத்தையும் ஆண்டு எண்களின் அளவையும் கொண்டு வகை பிரிப்பர். இலங்கையிலும் உலோகத் தட்டுப்பாட்டால் 1942இல் 5 சதத்துக்குக் கடதாசித் தாள் வெளியிடப்பட்டது. 2 சதமாகவும் 3 சதமாகவும் கிழித்துக்கொள்ள நடுவே துளைவரிசையும் இடப்பட்டது.

வெள்ளிக் காசுகளில் அக்கசாலைக் குறிகளைக் கவனிப்போம். குறியற்றவை கல்கத்தாவில் அடித்தவை; புள்ளியோ சாய்சதுரமோ உடையவை பம்பாயில் அடித்தவை. 1943 முதல் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தும் தோன்றுகின்றது. அது லாகூரில் எழுந்த புதிய அக்கசாலையின் குறி. மூன்றாவது அக்கசாலைக்கு அப்போது என்ன தேவை வந்தது?

பிரித்தானியா தன் யுத்தத்துக்கு வேண்டிய பொருள்களை இந்தியாவில் வாங்கியது. விலையை லண்டனில் பவுண் கணக்கில் வரவு வைத்தது. அக்கணக்கையே ஈடாகக் கொண்டு இந்தியாவில் ரூபாத் தாள்கள் மேலும் மேலும் அச்சிடப்பட்டன. சில்லறைக் காசுக்கான தேவையும் பெருகியது. யுத்த முடிவில் அக்கடன் ஏறத்தாழ 130 கோடி பவுண்! பணம் பெருகியது, வாங்கும் பண்டம் பெருகவில்லை. விலைகள் ஏறின.

ஓட்டைக் காசு வெளியான அதே 1943இல் வங்காளம் பஞ்சத்தில் வீழ்ந்தது. அரசாங்க விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் மாண்டனர் என்றது. பிற்கால ஆய்வாளர் பலரின் கணக்கு 30 இலட்சத்தை எட்டுகின்றது. தானியக் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. அரிசி விலை ஏறிய வேகத்துக்கு வயற்கூலிகளினதும் மீனவரினதும் வருமானம் ஈடுகொடுக்கவில்லை என்பதை அமர்த்தியா சென் 1981இல் விளக்கினார்.

1970இல் சுதந்திர இந்தியா 'அனைவர்க்கும் உணவு' என்னும் வாசகத்துடன் 20 பைசா நினைவு நாணயம் வெளியிட்டது. உயர்ந்த குறிக்கோள்தான்! எனினும் நினைவு நாணயம் அரசு சொல்ல விரும்புவதைச் சொல்லுகின்றது. அன்றாடச் செலாவணிக் காசின் எடையும் உலோகமுமோ அரசு சொல்லாமல் விட்டதையும் வெளிப்படுத்துகின்றன. மாணவர் கையில் ஓர் ஓட்டைக் காசைக் கொடுத்து, இந்தச் செப்பு எங்கே போயிற்று, இந்தக் காசுக்கு அன்று எவ்வளவு அரிசி கிடைத்தது என்று கேட்போமாக. மன்னர்களின் ஆண்டுகளை மனனஞ் செய்விக்கும் பாடத்தைவிட அவ்வினாக்கள் அவர்களைச் சரித்திரத்துக்கு அண்மையிற் கொண்டு சேர்க்கும்.