காவல் மணியும் அதன் பழுதும்



நள்ளிரவிலே வீதியோரத்தில் நிற்கும் மோட்டார் கார் ஒன்று திடீரென அலறுகின்றது. உரிமையாளர் ஓடிச் சென்று பார்க்கின்றார். கள்வன் எவனையும் காணோம். மறுநாளிரவும் அவ்வாறே. மூன்றாம் நாள் எவரும் சாளரத்தைத் திறப்பதில்லை. புலி வருகின்றது என்று பொய்க்குரல் எழுப்பிய சிறுவனின் கதைதான் இது. பழுதடைந்த காவல் மணி, மணியே இல்லாத நிலையினும் தீங்கானது. ஏனெனில், அது கேட்போரின் நம்பிக்கையைத் தின்றுவிடுகின்றது. இப்பழுதின் வேரைக் காண நாம் ஒரு நூற்றாண்டுக்கும் அப்பால் செல்லவேண்டும்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே சமர்வில் என்னும் ஊரில் ஒகஸ்டஸ் றசல் போப் என்னும் கிறித்தவ குருவானவர் வாழ்ந்தார். வீட்டுக் கதவுகளையும் சாளரங்களையும் மின்கம்பியால் இணைத்து அவர் அமைத்த காவல் மணிக்கு 1853ஆம் ஆண்டிலே காப்புரிமை கிடைத்தது. கதவு மூடியிருக்கும்வரை மின்சுற்று அறுந்து கிடக்கும். கதவு திறந்ததும் சுற்று பூர்த்தியாகி, மின்காந்தம் சுத்தியலை இயக்கி மணியை அடிக்கும். 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பவர் அவ்வுரிமையை வாங்கி, அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார்.

இவ்வமைப்பிலே ஒரு குறை ஒளிந்திருந்தது. கம்பி அறுந்தால் மணி மௌனமாகிவிடும். மௌனமோ, எல்லாம் நலமே என்று பொருள்படும்! இதே குறையை வேறொரு துறையிலே கண்டு தீர்த்தவர் வில்லியம் றொபின்சன். 1870இல் அவர் இரயில் பாதைக்கு அமைத்த முதற் சைகை, வண்டி வரும்போது சுற்று பூர்த்தியாகி அபாயம் காட்டுவதாயிருந்தது. கம்பி அறுந்தால், வண்டி பாதையில் நிற்கும்போதே ‘வரலாம்’ என்று அது காட்டிவிடும் என்பதை அவரே உணர்ந்தார். 1872இல் முறையைத் தலைகீழாக்கினார். தண்டவாளத்தில் எந்நேரமும் ஓடும் மின்னோட்டமே சைகையைத் திறந்து வைத்திருக்கும்; வண்டி வந்தாலும், கம்பி அறுந்தாலும், பற்றரி செத்தாலும் அது அபாயத்தையே காட்டும். பழுது தன்னைத்தானே அறிவிக்கும் முறை இதுவன்றோ!

இனி நம் காருக்குத் திரும்புவோம். பல கார்களின் கதவோரத்திலே இருக்கும் சிறு ஆளி, அதாவது சுவிச்சு, போப் கண்ட பழைய முறையிலேயே இயங்குகின்றது. கதவு திறந்ததும் அது கம்பியை வண்டியின் இரும்புடலோடு இணைக்கின்றது. ஆதலின் இரண்டு பழுதுகள் நேரெதிரான விளைவைத் தரும். மழைநீரோ துருவோ ஆளிக்குள் புகுந்து மின்னைக் கசியவிட்டால், மூடிய கதவும் திறந்த கதவாகத் தோன்றி மணி பொய் சொல்லும். கம்பி அறுந்தாலோ, கள்வன் கதவைத் திறந்தபோதும் மணி வாய்திறவாது.

எது நேர்ந்தது என்று அறிவதெப்படி? அந்த ஆளியே உள்விளக்கையும் ஏற்றும் வண்டியாயின், விளக்கே முதற் சாட்சி. கதவை மூடிய பின்னும் விளக்கு எரிந்தால் ஆளியிலோ கம்பியிலோ கசிவு உண்டு. திறந்தும் எரியாவிடில், குமிழ் நன்றாயிருக்க, தொடர்பு அறுந்திருக்கலாம். அடுத்து, ஆளியின் கம்பியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பொய்மணி நின்றால் குற்றம் ஆளியுடையது. நிற்காவிடில் கம்பியிலோ அதற்கப்பாலோ தேடவேண்டும். இவ்வாறு சுற்றைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்பதே பழுது காணும் கலையின் உயிர்நிலை.

மூன்றாவது சாட்சி மீற்றர். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்குமுள்ள உறவை ஜேர்மனியரான ஓம் 1827இல் வெளியிட்டார். அம்மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் அவோமீற்றர் 1923இல் வந்தது. பல கருவிகளைச் சுமந்து திரிய மனமில்லாத பிரித்தானிய அஞ்சற் பகுதிப் பொறியியலாளர் டொனால்ட் மக்காடி அதனை ஆக்கினார். மின்னிணைப்பை நீக்கிய பின் ஆளியை அளந்தால், அழுத்திய நிலையில் தடை எல்லையற்றதாகவும், விட்ட நிலையில் ஏறக்குறையச் சுழியாகவும் இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே முள் தயங்குமாயின் ஈரமோ துருவோ உள்ளேயிருப்பது திண்ணம். கதவுக்கீலருகே கம்பியை மெல்ல வளைத்துக்கொண்டே அளத்தலும் நன்று. பன்முறை மடங்கிய கம்பி, மேலுறை கெடாமலே உள்ளே முறிந்திருப்பதுண்டு.

பொய்மணியால் சலிப்புற்று அதன் கம்பியை அறுத்துவிடுவோரும் உளர். அப்படிச் செய்பவர், கள்வன் செய்யவேண்டிய வேலையைத் தாமே செய்து முடித்தவராவார். கூவும் காவலனை வாய்கட்டுவதற்கு முன், அவன் ஏன் கூவுகின்றான் என்று ஒருகணம் கேட்பதே அறிவுடைமை.